அட்டென்ஷன் சாரின் வலது கால்

“விரல்... நீட்டு!”

நான்கு இடது கைகள் மேஜைக்கு மேல் நீண்டன. நான்காவது கை சற்றுத் தாழ்ந்திருந்தது. அட்டென்ஷன் சார் தன் பிரம்பின் நுனியால் அதைத் தட்டி மற்ற மூன்றுக்கும் நேராக உயர்த்தினார்.

“ஊசி... எடு! பக்கவாட்டுல... குத்து!”

மூன்று விரல்களில் ரத்தம் எட்டிப் பார்த்தது. நான்காவது விரலின் சொந்தக்காரர் மட்டும் குத்தவில்லை. அவர் பணிக்காலம் முழுக்க வெடிகுண்டுகளைச் செயலிழக்க வைத்தவர். ஆபத்தான பொருள் எதையும் கையில் எடுத்தால் சுற்றுவட்டாரத்தில் ஆள் இருக்கக் கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன பாடம். “எல்லாரும் வெளிய போங்க,” என்றார். மற்றவர்கள் சொட்டும் விரலைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் போய் நின்றார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசியை அழுத்தினார். “க்ளியர்!” என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் படை திரும்பி வந்தது.

அடுத்தது சர்க்கரை அளவைச் சொல்லும் கட்டம். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்த ரேடியோக்காரர் அட்டென்ஷன் சாருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இருந்தாலும் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். “ஒண்ணு... மூணு... ஏழு. திரும்பச் சொல்றேன். ஒண்ணு, மூணு, ஏழு. கேக்குதா? ஓவர்.”

“கேக்குது. ஓவர்,” என்றார் அட்டென்ஷன் சார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

இதெல்லாம் நடப்பது முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் கூடத்தில். வாசலில் ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. மழைநாளில் அதன் குழாயில்தான் குடைகளைச் செருகி வைப்பார்கள். உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை. அதன் வலையைக் கழற்றி எறிந்துவிட்டு அதைச் சர்க்கரை நோய்ப் பிரிவின் தலைமையகமாக ஆக்கியவர் அட்டென்ஷன் சார்.

ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் அவர். ஓய்வு பெற்றது சம்பளத்தில் மட்டும்தான். பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் நின்றால் உயரப்படி நிறுத்திவிடுவார். வீட்டு வாசலில் செருப்புகள் ஒரே கோட்டில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். காலை மாத்திரையை உட்கார்ந்து விழுங்க மாட்டார். எழுந்து, குதிகால் சேர்த்து, மெடல் வாங்குகிற முகத்தோடு வாயில் போட்டுக்கொள்வார். தூங்கும்போதும் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். “மரப்பெட்டியில வெச்ச மாதிரி படுத்திருப்பாரு, பாதி ராத்திரி மூக்குல கை வெச்சுப் பாப்பேன்,” என்று அவர் மனைவி பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்.

ஷூக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்புத் தோல், முகம் பார்க்கலாம். அடியில் அவரே சுத்தியல் எடுத்து அடித்த இரும்பு லாடங்கள். லாடம் இல்லாத ஷூவை அவர் ஷூவென்றே ஒப்புக்கொள்வதில்லை, “அது துணி மாதிரி” என்பார். தெருமுனையில் அந்த ‘டக் டக்’ கேட்டதும் அவர் மனைவி அடுப்பைப் பற்ற வைப்பார், எதிர்வீட்டுக்காரர் வாசல் கேட்டைத் தானாகவே சாத்திக்கொள்வார்.

இந்தப் படை சேர்ந்த கதை இது. சங்கத்துக்கு வாராவாரம் ஒரு நர்ஸ் வருகிறார். பொறுமைசாலி, ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முதல் வகுப்பிலேயே அவர் தெளிவாகச் சொன்னார்: “உங்க சர்க்கரைய நீங்களேதான் பாத்துக்கணும். என்ன சாப்பிடறது, எவ்வளவு நடக்கறது, எப்ப டாக்டர்கிட்ட ஓடறது, எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணணும்.”

பட்டாளத்துச் சமையல்காரர் கையைத் தூக்கினார். “சிஸ்டர், நாங்களே முடிவு பண்ணணும்னு யாரு முடிவு பண்ணாங்க?”

“யாரும் இல்ல. நான் சொல்றேன்.”

“உத்தரவா, யோசனையா?”

“யோசனைதான்.”

அவ்வளவுதான். எல்லோர் முகமும் தொங்கிப் போயிற்று. யோசனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆளுக்கு ஆள் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அட்டென்ஷன் சார் எழுந்தார். “சிஸ்டர், விஷயம் சரி, சொன்ன விதம் தப்பு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தார்: “எல்லாரும் கேளுங்க! இன்னிலேர்ந்து அவனவன் சொந்தமா முடிவெடுக்கணும். எவனாவது என்னைக் கேட்டு முடிவெடுத்தான்னு தெரிஞ்சுது, தொலைச்சிடுவேன். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!” என்று கூடம் அதிர்ந்தது. நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் நான்கு பேரும் அட்டென்ஷன் சார் வீட்டு வாசலில் நின்றார்கள். சொந்தமாக முடிவெடுத்துவிட்டார்களாம். சரிதானா என்று கேட்க வந்திருந்தார்கள்.

இருந்தாலும் விஷயம் நடந்தது, அதை மறுக்க முடியாது. எண்ணூறு பேருக்குச் சமைத்துப் போட்டவர் சமையல்காரர். மனைவி போன பிறகு தன் ஒரு வாய்க்குச் சமைக்கத் தெரியாமல் பிஸ்கட்டைத் தின்றே சர்க்கரையை ஏற்றி வைத்திருந்தார். அண்டாக் கணக்கை வகுத்து வகுத்து ஒருத்தருக்குக் கால் உருளைக்கிழங்கு, அரைச் சிட்டிகை உப்பு என்று கொண்டுவந்து நிறுத்தியவர் அட்டென்ஷன் சார். மீதி முக்கால் உருளைக்கிழங்கை என்ன செய்வது என்பதில் இன்னும் முடிவாகவில்லை. சமையல்காரர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

சர்க்கரை திடீரென்று குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ள ஆளுக்கு இரண்டு மிட்டாய் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். அட்டென்ஷன் சாருக்கு அது வெடிமருந்து. தின்றவர் காகிதத்தை ஒப்படைத்துச் சூழ்நிலையை விளக்க வேண்டும். ஒருநாள் ரேடியோக்காரர் இரண்டு வெறும் காகிதங்களோடு வந்து அசடு வழிய நின்றார்.

“முதல் மிட்டாய் எப்படிப் போச்சு?”

“கை நடுங்குச்சு சார், வேர்த்துக் கொட்டிச்சு. போட்டுக்கிட்டேன். ஓவர்.”

“சரி. ரெண்டாவது?”

“பேத்தி கேட்டுச்சு சார்.”

அட்டென்ஷன் சார் இரண்டு காகிதங்களையும் மேஜைமேல் நேராக வைத்தார். “முதல் மிட்டாய் சண்டையில போச்சு, அது கௌரவம். ரெண்டாவது சரண்டர் ஆயிருக்கு,” என்று தீர்ப்புச் சொல்லி, புது மிட்டாய்கள் இரண்டை வழங்கினார்.

இவ்வளவையும்விட அவர் உயிரை வைத்திருந்தது பாதப் பரிசோதனையில். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, கல் அறுத்தாலும் தெரியாது. அதனால் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கிழவர்களுக்குக் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடிகிறதா? வெடிகுண்டுக்காரர் அதற்கு வழி கண்டுபிடித்தார். வண்டிக்கு அடியில் குண்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, நீளக் கம்பியில் கண்ணாடி பொருத்திய சாதனம் ஒன்று உண்டு. அதில் ஒன்று அவர் வீட்டுப் பரணில் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நால்வரும் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து கால்களை நீட்டுவார்கள். அட்டென்ஷன் சார் கண்ணாடியைப் பாதங்களுக்கு அடியில் செலுத்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வெள்ளை சாக்ஸ்தான் போட வேண்டும், ரத்தம் கசிந்தால் உடனே தெரியும் என்பதும் அவர் போட்ட உத்தரவு.

வரிசையின் கடைசியில் லாரி டிரைவர். அவருக்கு இடது கால் செயற்கைக் கால். ஷூவுக்குள் கிடந்த ஒரு சின்னக் கல் தெரியாமல் நடந்து, வந்த புண்ணை யாரிடமும் சொல்லாமல் மறைத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டு வந்தவர். வரிசையில் இருப்பதெல்லாம் பரிசோதிக்கப்படும் என்பது விதி என்பதால் அந்தக் காலும் பரிசோதிக்கப்பட்டது. “இடது கால், மாசு மருவில்ல. நல்ல பராமரிப்பு,” என்பார் அட்டென்ஷன் சார். “தேங்க்யூ சார்,” என்பார் டிரைவர். மற்ற மூன்று பேருக்கும் அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பரிசோதனை முடிந்ததும் கேள்வி பதில் நடக்கும்.

“வலி இல்லைன்னா?”

“ஆபத்து சார்!”

“புண்ணு தெரிஞ்சா?”

“அன்னிக்கே டாக்டர் சார்!”

“மறைச்சா?”

டிரைவர் தன் இடது காலை ஓங்கித் தட்டுவார். அது டொக்கென்று பதில் சொல்லும்.

அட்டென்ஷன் சாருக்கும் சர்க்கரை உண்டு. நால்வரைவிடப் பழைய சர்க்கரை. ஆனால் சோதிக்கிறவரைச் சோதிக்கிற வழக்கம் எந்தப் படையிலும் கிடையாது என்பது அவர் கட்சி. நர்ஸ் ஒருமுறை கேட்டார், “உங்க காலை யாரு சார் பாக்கறது?” அவர் சிரித்தார். “என் காலு என் பேச்சைக் கேக்கும் சிஸ்டர். வலிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அந்தக் கால் உண்மையிலேயே பேச்சைக் கேட்டுவிட்டது. ஒரு மாலை வலது கால் சாக்ஸைக் கழற்றினால் அடியில் பழுப்பாக ஒரு கறை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தூக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை, தொப்பை விடவில்லை. மனைவியின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து மேலே காலைத் தூக்கிப் பிடித்தபோது, பெருவிரலுக்குக் கீழே ஒரு பொத்தல் தெரிந்தது. சுற்றிலும் சிவப்பு. ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினார். சுருக்கென்றது. லாடத்தின் ஆணி ஒன்று அடித்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே தலைநீட்டியிருந்தது. அவர் அடித்த ஆணிதான். எத்தனை நாளாக அதன்மேல் டக் டக்கென்று நடந்தாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆணி குத்திய விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. கிடைத்த சொட்டை வீணாக்குவானேன் என்று மெஷினில் வைத்துச் சர்க்கரை பார்த்தார். நல்ல அளவுதான். அதில் ஒரு நிமிஷம் திருப்தியாகக்கூட இருந்தது.

பிறகு குறட்டால் ஆணியைப் பிடுங்கினார், பொத்தல்மேல் பிளாஸ்திரி ஒட்டினார், ஷூவுக்குள் அட்டை வெட்டிப் போட்டார், யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்குப் பயம். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. டிரைவர் ஒரு புண்ணோடு ஆஸ்பத்திரிக்குள் போனதையும் காலில்லாமல் வெளியே வந்ததையும் அவர் கண்ணால் பார்த்தவர். காலைக் காட்டினால்தானே வெட்டுவார்கள்? காட்டாத காலை யார் வெட்ட முடியும்? கால் இல்லாத டிரில் மாஸ்டர் என்று ஒருவர் உலகத்தில் இருக்க முடியுமா? மறுநாளும் கூடத்தில் “மறைச்சா?” என்று கேட்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சாக்ஸைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் துவைத்த முதல் துணி அது.

“ஏங்க, நீங்க எதுக்கு இதைத் துவைச்சீங்க?” என்றார் மனைவி.

“சொந்தமா பாத்துக்கணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க.”

துவைப்பது தினசரி ஆயிற்று. பிளாஸ்திரி டப்பா காலியாயிற்று. கட்டிலருகே ஒரு வாடை வந்தது. ஒரு காலை அவர் குளிக்கப் போனபோது, மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த முந்தின நாள் சாக்ஸை அந்த அம்மாள் கண்டெடுத்தார். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அவர் கிளம்பிப் போன கையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு சங்கத்துக்கு நடந்தார்.

அன்று நர்ஸ் வரும் நாள். பாதப் பரிசோதனை பாதியில் இருந்தது. அம்மாள் நேராகப் போய் டேபிள் டென்னிஸ் மேஜையின் நட்டநடுவில் பையை வைத்தார். வெடிகுண்டுக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டடி பின்வாங்கினார்.

“இதைப் பாருங்க சிஸ்டர்.”

நர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. “சார், ஷூவைக் கழட்டுங்க.”

“அது என் சாக்ஸ் இல்ல,” என்றார் அட்டென்ஷன் சார்.

“பின்ன எந்த எதிரி நாட்டு சாக்ஸ் என் மெத்தைக்கு அடியில வந்து படுத்துக்கிச்சு?” என்றார் மனைவி.

“சார், கழட்டுங்க,” என்றார் நர்ஸ் மறுபடியும்.

“நீங்க சிவிலியன் சிஸ்டர். எனக்கு உத்தரவு போட முடியாது.”

“அப்ப நான் சொல்றேன். கழட்டுங்க,” என்றார் மனைவி.

“உன் அதிகாரம் நம்ம வீட்டு வாசப்படி வரைக்கும்தான்.”

வெடிகுண்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “சார், ஒரு விஷயம். நம்ம சமையல்காரர் உங்களுக்கு சீனியர்.”

எல்லோரும் சமையல்காரரைப் பார்த்தார்கள். அவர் நெளிந்தார். உண்மைதான். இருவருக்கும் ஒரே பதவி. ஆனால் சமையல்காரருக்கு அது முதலில் கிடைத்தது. “எதுக்கு சொல்லணும்னு விட்டுட்டேன். அவர் கத்தறது எனக்குப் புடிக்கும்,” என்றார் மெல்ல. பிறகு எழுந்து நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் உத்தரவு போட்டார். “ஷூவக் கழட்டிட்டு வாங்க... ஆறிடப் போவுது.”

“என்னய்யா இது? பந்திக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு!” என்று பாய்ந்தார் அட்டென்ஷன் சார். “குரல் அடிவயித்துலேர்ந்து வரணும். ரெண்டா பிரி. ‘ஷூ’ன்னு இழு, ‘கழட்டு’ன்னு வெட்டு. எங்க, சொல்லு.”

“ஷூ... கழட்டு.”

“மோவாயைத் தூக்கு. இன்னொரு தடவை.”

சமையல்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். ரேடியோக்காரரும் வெடிகுண்டுக்காரரும் உதவிக்குக் கூடவே சொன்னார்கள். ஒரு தடவை ஜன்னல் கண்ணாடியே அதிரும்படி வந்தது. அட்டென்ஷன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பிரமாதம்! இதுதான் உத்தரவு! இன்னிக்குப் பயிற்சி இதோட முடிஞ்சுது. எல்லாரும் கலையலாம்!” என்று சொல்லிவிட்டு, பிரம்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். டக், டக்.

மனைவி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லாரி டிரைவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பேன்ட்டை மடித்து, பட்டைகளைத் தளர்த்தி, தன் இடது காலைக் கழற்றி, சாக்ஸோடும் ஷூவோடும் டேபிள் டென்னிஸ் மேஜைமேல் வைத்தார்.

“சார், இதை எடுத்துட்டுப் போங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தான்.”

அட்டென்ஷன் சார் திரும்பினார். “எதுக்கு?”

“எப்படியும் வேணும்ல. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்.”

அட்டென்ஷன் சார் திரும்பி வந்து மேஜையருகே நின்று அந்தக் காலைப் பார்த்தார். ஒரு பிழையைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் போக அவரால் என்றைக்கும் முடிந்ததில்லை.

“இது இடது காலுய்யா. எனக்கு வலது,” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

“வெட்டிடுவாங்களா சிஸ்டர்?” அடிவயிற்றிலிருந்து வந்த குரல் இல்லை அது. அவர் மனைவிகூட அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

“பாக்காம எப்படி சார் சொல்வேன்?” என்றார் நர்ஸ். “இன்னிக்கே காட்டினா புண்ணோட போயிடும். இன்னும் நாள் கடத்தினா என் கையில ஒண்ணும் இல்ல.”

சமையல்காரர் மோவாயைத் தூக்கினார். நர்ஸ் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அட்டென்ஷன் சார் பிரம்பை மேஜைமேல் வைத்தார். வரிசையின் கடைசிக்குப் போய், டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பை இடிக்க, மூச்சு வாங்கக் குனிந்து, வலது ஷூவின் கயிற்று முடிச்சைப் பிடித்து இழுத்தார்.